மூடி திறந்தால் ஓப்பன்

"மீனலோசனி ஏரம்பமூர்த்தி, மூத்த பொறியாளர் (வாடிக்கையாளர் நல்லிணக்கம்). இன்முகம், இன்சொல், எச்சூழலிலும் நிதானம். வாடிக்கையாளரின் குரலைப் பொறுமையுடன் செவிமடுத்து, அனைவரையும் அரவணைத்துச் செல்பவர்."

ஜொகூர் பாருவில், தொழிற்சாலை மெஷின்களைத் தானியங்கியாக்கிக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் இப்படித்தான் போட்டிருக்கிறது. பக்கத்தில் படமும் உண்டு. படத்தில் மீனலோசனி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு வந்த விதம் வேறு. படம் பிடிக்க வந்தவர் தன் விளக்கின் பிளக்கைச் சுவரில் செருக முடியாமல், அதன் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகினார். அவரை நிற்க வைத்து, அவருடைய குரு வரைக்கும் திட்டி முடித்த திருப்தியில் அவள் முகம் சற்று மலர்ந்தது. அந்த நொடியில் அவர் பயத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். அதுதான் அந்தப் படம்.

'நல்லிணக்கம்' என்ற பட்டம் வந்த கதையும் இதே ரகம்தான். செடெனாக் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனை ஆலையில், அந்த ஆலையின் ஆள் ஒருவர் பேனல் பெட்டிக்குள் தலையை நீட்டி, "பொம்பளைங்க கை வைக்கிற எடமா இது?" என்று கேட்டார். மீனலோசனி, அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக் கயிறு உள்ளே இருக்கும்போதே பேனல் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். பேனலில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்த பிறகுதான் சாத்தினாள். அந்த அளவுக்கு முறை தெரிந்தவள்.

நிறுவனத்தின் முதலாளி மகேஸ்வரன் ஸ்கூடாய்ப் பல்கலைக்கழகத்தில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். அவளை வேலையை விட்டு நீக்க அவரால் முடியாது, ஏனென்றால் அவள் இல்லாமல் எந்த வேலையும் முடியாது. வாடிக்கையாளரிடம் அனுப்பவும் முடியாது, ஏனென்றால் அவளை அனுப்பினால் வாடிக்கையாளர் முடிந்துபோவார். ஆகவே மூன்றாவது வழியாக, பட்டத்தை மாற்றினார். பேயாட்டம் ஆடுகிற குழந்தைக்கு சாந்தி என்று பெயர் வைப்பதில்லையா, அதுபோல.

அவள் பிறந்த வீடு லாபிஸில். அப்பா ஏரம்பமூர்த்தி ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்துப் பேச்சும் அரசாங்க நிதானமும் இரண்டறக் கலந்த மனிதர். அந்த வீட்டில் உரக்கக் கத்தும் உரிமை ரயிலுக்கு மட்டும்தான் இருந்தது. "பிள்ளை, கத்தாதை. கத்தினால் எங்கட நியாயம் குறைஞ்சு போகும்" என்பார். இந்த உபதேசத்தைத் தினமும் கேட்டு வளர்ந்த மகள் கத்தாமல் பேசிய நாள் ஒன்றும் ஊரார் நினைவில் இல்லை. அவளுடைய கணவர் கிருபானந்தன் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். பாலத்து நெரிசல்தான் தனக்கு ஓய்வு நேரம் என்று ஒரு கல்யாண வீட்டில் சொன்னதாகக் கேள்வி.

ஆனால் இதே மீனலோசனி கம்பிகளிடம் காட்டும் பொறுமையைப் பார்த்தவர்கள் குழம்பிப் போவார்கள். தலைமுடிபோல் மெல்லிய கம்பியின் முனையைச் சீவி, அதற்கு ஒரு சிறு உலோகக் குப்பி மாட்டி நசுக்கி, எண் எழுதிய வளையம் கோத்து, திருகில் செருகி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்ப்பாள். குரல் எழும்பாது. முகம் கோணாது. ஒரு முழு பேனலையும் அப்படி முடித்துவிட்டு, பக்கத்தில் நின்றவன் பேனாவை எங்கே வைத்தான் என்பதற்காக அரை மணி நேரம் கத்துவாள்.

காரணம் அவளுக்கே தெரியும். அவளுடைய வேலையின் பெரும்பகுதி இன்புட் மாட்யூல் எனும் ஒரு சின்னப் பெட்டியோடு. தொழிற்சாலைத் தரையில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒரு கம்பி அந்தப் பெட்டிக்கு வந்து சேரும். கம்பியில் இருபத்துநான்கு வோல்ட் வந்தால் பச்சை விளக்கு எரியும். கணினி 'உண்டு' என்று எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் விளக்கு எரியாது, 'இல்லை'. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மொழி. பார்க்கலாம், யோசிக்கலாம், தீபாவளி கழியட்டும் என்ற பேச்சே அங்கே கிடையாது. உலகத்தில் தன்னிடம் ஒளிக்காமல் பேசுகிறது இந்தப் பெட்டி ஒன்றுதான் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சி சென்ற மழைக்காலத்தில் ஆயர் ஈத்தாமில் தோற்றது.

ஆயர் ஈத்தாமில் மண் சாமான் கடைகளின் வரிசைக்குப் பின்னால், வெளிநாட்டுக்குப் பூந்தொட்டி அனுப்பும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே களிமண் பிசையும் மெஷினுக்குப் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி போட்டுக் கொடுத்தது மகேஸ்வரனின் நிறுவனம். மெஷின் என்றால் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே சுழலும் கத்திகள். மேலே கனமான மூடி. மூடியைத் தூக்கினால் கத்தி நிற்க வேண்டும்; அதற்காகக் கீலில் ஒரு சுவிட்ச். பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு ரிலே போட வேண்டும் என்று மீனலோசனி ஆரம்பத்திலேயே கத்தியிருந்தாள். அது 'இரண்டாம் கட்டத்தில்' வரும் என்றார்கள். நம் ஊரில் இரண்டாம் கட்டம் என்பது மறுபிறவிக்கு இன்னொரு பெயர்.

காலையில் மகேஸ்வரன் போன் செய்தார்.

"மீனா, ஆயர் ஈத்தாமுக்கு ஒரு ஓட்டம் போய்ட்டு வந்துரு. மூடி சுவிட்ச்ல ஸ்க்ரூ லூசாம். டைட் பண்ணிட்டு, நாலு வார்த்தை நல்லதா பேசிட்டு வா."

"யாருக்கு அடி?"

"அடின்னு யார் சொன்னா?"

"ஸ்க்ரூ மட்டும் லூசுன்னா நீ சுகுமாறன அனுப்புவ. என்னைய அனுப்புறன்னா ஆளுக்கு அடி பட்டிருக்கு."

மகேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார். "ஒரு அம்மாவுக்குக் கையில கொஞ்சம் சிராய்ப்பு. மெஷின நிறுத்தாமக் கைய விட்டிருக்கு. ஆப்பரேட்டர் மிஸ்டேக்னு மேனேஜரே சொல்லிட்டாரு. நாம போயி எதுக்கு 'இல்லலா, எங்க மிஸ்டேக்'னு மல்லுக்கு நிக்கணும்? நல்லிணக்கம், மீனா. நல்லிணக்கம்."

அவள் காடியைக் கிளப்பிச் சாலைக்கு வந்தபோதே கோபத்தில்தான் இருந்தாள். யார்மேல் என்று இன்னும் முடிவாகவில்லை. அவளுக்கு அது பெரிய குறையில்லை. கோபத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு ஆளைப் பிறகு தேடுவாள்.

தொழிற்சாலை மேலாளர் சொக்கநாதன் வாசலிலேயே காத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் அளவெடுத்துப் பூசிய திருநீறு. "வாங்க மேடம். சின்ன விஷயத்துக்கு உங்கள வரவழைச்சிட்டோம். டீ சாப்பிடுறீங்களா?"

"அடி பட்டவங்க எங்க?"

கருப்பாயி மெஷினுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய பூந்தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. மணிக்கட்டு வீங்கி, இரண்டு விரல்கள் வெளியே தெரியாதபடி சுற்றியிருந்தார்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். வலியைவிட வேறெதோ ஒன்று அவள் முகத்தை இறுக்கி வைத்திருந்தது.

"என்ன ஆச்சுக்கா?"

"எத்தன வாட்டி சொல்றது? மண்ணு கட்டி கட்டியா நின்னுச்சு. மூடியத் தூக்குனேன். தூக்குனா நின்னுரும்னு நீங்கதானே வந்து மாட்டிட்டுப் போனீங்க. நிக்கல. தோள்ல கெடந்த துண்டு உள்ள போயிருச்சு. அத இழுக்கப் போயி கையும் போக இருந்துச்சு. துண்டு கிழிஞ்சதுனால கை தப்பிச்சுது."

சொக்கநாதன் குறுக்கே வந்தார். "மெயின அடைச்சிட்டுத்தான் மூடியத் தொறக்கணும்னு போர்டே போட்டிருக்கு மேடம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்ங்கிற கதைதான் இது."

"அந்த போர்டுக்கு முன்னால தொட்டிய அடுக்கி வச்சது யாரு?" என்றாள் கருப்பாயி. "காலையில எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வச்சு, 'கருப்பாயி மாதிரி கண்ண மூடிட்டு வேல செய்யாதீங்க'ன்னு மைக்கு இல்லாமலே மைக்கு வச்ச மாதிரி கத்துனீங்களே. நாளையிலேர்ந்து வர வேணாம்னும் சொல்லிட்டீங்க. இப்ப பழமொழி சொல்றீங்க."

"இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள மெஷின் ஓடியாகணும் மேடம்," என்றார் சொக்கநாதன், கருப்பாயி பேசியதே காதில் விழாதவராக. "கன்டெய்னர் வந்து நிக்குது. வேற ஆள் போட்டாச்சு. நீங்க ஸ்க்ரூவ மட்டும் பாருங்க."

மீனலோசனி பையிலிருந்து தன் சிவப்புப் பூட்டை எடுத்தாள். மெஷினின் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியில் பூட்டைப் போட்டு, சாவியை ஜீன்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டாள். பூட்டியவர்தான் திறக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். உள்ளே கை விடுகிறவனின் உயிர் அந்தச் சாவியில் இருக்கிறது. பிரதமரே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

பிறகு சுவிட்சின் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு கம்பி திருகை விட்டு வெளியே வந்து சும்மா ஆடிக்கொண்டிருந்தது. மெஷினின் அதிர்வில் கழன்றிருக்க வேண்டும். மகேஸ்வரன் சொன்னது சரி. ஸ்க்ரூ லூஸ்தான். ஐந்து நிமிட வேலை.

அவள் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கம்பி கழன்றால் மின்சாரம் வராது. வராவிட்டால் 'இல்லை'. 'இல்லை' என்றால் மெஷின் நிற்க வேண்டும். அப்படித்தான் அவள் வடிவமைத்திருந்தாள். இதுவோ கம்பி இல்லாமல், மூடியும் இல்லாமல், ஒரு மனுஷியின் துண்டைத் தின்றுகொண்டு ஓடியிருக்கிறது.

ஜாகாக்காரர்களில், அதாவது இராக்காவல்காரர்களில், இரண்டு விதம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சற்றைக்கொரு தரம் "எல்லாம் நலம்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். குரல் நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று நாம் எழுந்து ஓடுவோம். இன்னொருவர் திருடன் வந்தால் மட்டும் கத்துவார். முதலாமவர் தூக்கத்தைக் கெடுப்பார், ஆனால் உயிரைக் காப்பார். இரண்டாமவர் நல்லவர், அமைதியானவர். திருடன் முதலில் அவர் வாயைப் பொத்திவிட்டால் நாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே கொள்ளை போவோம். மீனலோசனி அந்த மூடிக்கு முதல் வகை ஜாகாவைப் போட்டிருந்தாள். யாரோ அவரை எடுத்துவிட்டு இரண்டாமவரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சுவிட்சைத் திரும்பப் பார்த்தாள். உள்ளே இரண்டு ஜோடித் திருகுகள். பதினொன்று பன்னிரண்டு: சாதாரணமாக மூடியிருக்கும் ஜோடி, மூடியைத் தூக்கினால் விலகி, மின்சாரத்தை அறுக்கும். பதின்மூன்று பதினான்கு: சாதாரணமாகத் திறந்திருக்கும் ஜோடி, தூக்கினால் சேர்ந்து, மின்சாரத்தை விடும். கம்பிகள் பதின்மூன்று பதினான்கில் இருந்தன. கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்சாரம் தனி வழி; மடிக்கணினியைத் திறந்து மாட்யூலின் அமைப்பைப் பார்த்தாள். அந்தக் கம்பிக்கு எதிரே, 'தலைகீழாக எடுத்துக்கொள்' என்ற சதுரத்தில் ஒரு டிக் இருந்தது. அவள் போடாத டிக்.

இப்போது கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.

வயரிங் செய்த சுகுமாறனின் வீடு ஆயர் ஈத்தாமிலேயே. கூப்பிட்டவுடன் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டான். முப்பத்தைந்து வயது ஆள், கைவேலை சுத்தமானவன். தொப்பியைக் கழற்றும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள்.

"யார்டா உன்ன பதிமூணு பதினாலுல மாட்டச் சொன்னா? எந்த மடையன் சொன்னான்?"

சுகுமாறன் தொப்பியை நிதானமாகக் கழற்றினான். "நீங்கதான்க்கா."

"என்ன?"

"போன் பண்ணேன்ல. நீங்க லாபிஸ்ல உங்கப்பா வீட்டுல இருந்தீங்க. வயரிங் படத்துல அந்த எடத்துல களிமண் தண்ணி ஊத்தி ஒன்னும் தெரியல. 'மூடி சுவிட்சுக்கு ஓப்பனா க்ளோஸா'ன்னு கேட்டேன். 'ஓப்பன்லா! மூடி தொறந்தா ஓப்பன்! இது கூடவா நான் சொல்லணும், மண்டையில என்ன இருக்கு'ன்னு கத்திட்டு வச்சிட்டீங்க."

அவளுக்கு நினைவு வந்தது. அப்பா வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்க்க வந்தவர் குழாயைத் தலைகீழாக மாட்டியிருந்தார். அவரை அவள் கழுத்தளவு திட்டிக்கொண்டிருந்த நேரத்தில் போன் வந்தது. அந்த ஆளுக்கு மிச்சம் வைத்திருந்ததைச் சுகுமாறனுக்குப் பரிமாறினாள்.

அவள் 'ஓப்பன்' என்றது, மூடியைத் திறந்தால் மின்சுற்றும் திறந்துகொள்ள வேண்டும், அதாவது அறுபட வேண்டும் என்ற அர்த்தத்தில். பாடப்புத்தகத்தில் திறந்த சுற்று என்றால் மின்சாரம் ஓடாத சுற்று. ஆனால் இந்த நாட்டில் எந்த வீட்டிலாவது போய், திறந்த விளக்கு எரியுமா அணையுமா என்று கேட்டுப் பாருங்கள். மலாய்க்காரர் விளக்கை 'புக்கா' செய்கிறார். சீனர் 'ஓப்பன்' செய்கிறார். தமிழர் 'லைட்டத் தொற' என்கிறார். அணைக்க வேண்டுமென்றால் 'தூத்தோப்', 'க்ளோஸ்', 'லைட்ட அடை'. மூன்று இனமும் ஒற்றுமையாக இருக்கும் வெகு சில விஷயங்களில் இதுவும் ஒன்று: திறந்தால் எரியும், அடைத்தால் அணையும். படித்த புத்தகம் மட்டும் எதிர்க்கட்சி. சுகுமாறன் பரீட்சைக்குப் புத்தகத்தைப் படித்திருந்தான். ஆனால் திட்டு விழும்போது மனிதனுக்கு ஞாபகம் வருவது வீட்டு மொழிதான். மூடி திறந்தால் சிக்னல் திறக்க வேண்டும், அதாவது எரிய வேண்டும். திறந்திருக்கும் ஜோடியிலேயே மாட்டினான். அக்கா சொன்ன சொல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது.

"சந்தேகமா இருந்தா திருப்பிக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள். குரல் பாதியாகிவிட்டது.

"யார்கிட்ட? உங்ககிட்டயா?" என்றான் சுகுமாறன்.

கருப்பாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது.

மீனலோசனி வெளியே போய் மகேஸ்வரனைக் கூப்பிட்டாள். மழை பிடித்திருந்தது.

"அந்த டிக்க யாரு போட்டா?"

"எந்த டிக்? ஓ, அதுவா. நான்தான். டெஸ்டிங் அன்னிக்கு நீ இல்லையே. மூடி அடைச்சிருக்கு, மெஷின் ஓட மாட்டேங்குது. பார்த்தா சிக்னல் தலைகீழா வருது. ஒரு டிக்தான், ரெண்டு செகண்டு. மூடியத் தூக்குனா நின்னுச்சு, அடைச்சா ஓடுச்சு. டெஸ்ட் பாஸ். கைதட்டுனாங்க தெரியுமா?"

"ஏன் தலைகீழா வருதுன்னு கேக்கத் தோணலையா? கண்ணாடியில மூஞ்சி கோணலா தெரிஞ்சா, கண்ணாடியத் திருப்பி வச்சிட்டுப் போற ஆளு நீ. கம்பி கழன்டா என்ன ஆகும்னு பாத்தியா? பெட்டி 'இல்லை'ன்னு சொல்லுது. உன் டிக் அத 'உண்டு'ன்னு மாத்துது. மூடியே இல்லாட்டாலும் மூடி இருக்குன்னு ஓடும், மகேஸ்! ஓடிருக்கு!"

"அலமாக்," என்றார் மகேஸ்வரன். அது உண்மையான அதிர்ச்சி. அடுத்து வந்ததும் உண்மைதான். "சரி, சரி. இப்ப ஸ்க்ரூவ நல்லா டைட் பண்ணிரு. டிக் அப்படியே இருக்கட்டும். அடுத்த மாசம் சர்வீஸ்ங்கிற பேர்ல போயி சத்தம் போடாம மாத்திரலாம். அவங்களே ஆப்பரேட்டர் மிஸ்டேக்னு சொல்றப்ப நாம வலியப் போயி தலைய கொடுக்கணுமா? அடுத்த லைன் வேலையும் நமக்குத்தான் வர்ற மாதிரி இருக்கு. தயவுசெஞ்சு வாயத் தொறக்காதே, மீனா."

அவள் போனை வைத்தாள். கோபத்தின் விசித்திரம் என்னவென்றால், வாசலில் வரிசையாக ஆள்கள் நின்றும் அது யாரிடமும் போக மறுத்தது. சுகுமாறன் சொன்னதைச் செய்தான். மகேஸ்வரன் எல்லா முதலாளியும் செய்வதைச் செய்தார். அந்த முதல் சொல்லைச் சொன்னவள் மட்டும் பாக்கி. அவளைத் திட்ட மீனலோசனிக்கு வழக்கமில்லை. உள்ளே திரும்பி நடந்தபோது அந்தக் கோபம் முழுவதும் அப்படியே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்குத் திசை மட்டும் மாறியிருந்தது.

சொக்கநாதன் மெஷினுக்கு முன்னால் நின்றிருந்தார். புதிதாகப் போட்ட ஆளும் கையுறை மாட்டித் தயாராக இருந்தார். தேநீர் நேரம் முடிந்து மற்ற தொழிலாளர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஸ்க்ரூ ஆச்சா மேடம்? பூட்டத் தொறங்க. ஓட விடுவோம்."

"தொறக்க மாட்டேன்."

"என்னது?"

"கம்பிய மாத்திக் கட்டணும். மாட்யூல்ல ஒரு அமைப்ப மாத்தணும். அப்புறம் டெஸ்ட் பண்ணணும். அதுவரைக்கும் இந்த மெஷின் ஓடாது."

"உங்க பாஸ் இப்பதான் எனக்குப் போன் பண்ணாரு. ஸ்க்ரூ டைட் பண்ணாப் போதும்னாரு."

"அவரு ஜொகூர் பாருவுல இருக்காரு. சாவி என் பையில இருக்கு."

"மேடம்," சொக்கநாதன் குரலை உயர்த்தினார், "இது எங்க ஃபேக்டரி. எங்க மெஷின். யாரைக் கேட்டு நீங்க..."

"உங்க மெஷின்தான். அதனாலதான் உங்க ஆளோட கைய தின்னப் பாத்துச்சு." மீனலோசனியின் குரல் இப்போது கூரைத் தகரத்தில் விழும் மழையைத் தாண்டிக் கேட்டது. சூளைப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். "ஆப்பரேட்டர் மிஸ்டேக் இல்ல! கேட்டுக்குங்க. மூடியத் தூக்குனா நிக்கும்னு நாங்க சொன்னோம், இவங்க தூக்குனாங்க. நிக்காதது எங்க வயரிங். கம்பி கழன்டாலும் ஓடுற மாதிரி தப்பாக் கட்டியிருக்கோம். தப்பா கட்டுனது இவன் இல்ல," என்று சுகுமாறனைக் காட்டினாள், "இவன் சந்தேகம் கேட்டான். 'ஓப்பன்'னு சொன்னது நான். வாய்க்கு வந்தபடி கத்திட்டு போன வச்சது நான்! என்னையத் திட்டுறதுன்னா இப்பவே திட்டுங்க, காது இருக்கு."

யாரும் திட்டவில்லை. அவளைத் திட்டும் வாய்ப்பு அவ்வளவு அருகில் வந்ததே அவர்களுக்குப் புதிது. எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியவில்லை.

கருப்பாயிக்குத் தெரிந்தது. தொட்டியிலிருந்து எழுந்து வந்தாள். மீனலோசனி நன்றியை எதிர்பார்த்தாளா என்று தெரியாது. கிடைக்கவில்லை.

"அப்ப நீதான் அந்த ஆளா? என் கைய நீ போன்லயே அறுக்கப் பாத்திருக்க. அந்தத் தம்பி ஒரு வார்த்த கேட்டா பதில் சொல்றதுக்கு என்னம்மா உனக்கு? வாயி என்ன, ரைஸ் மில்லா?"

"தப்புதான்க்கா."

"தப்புதான்னு சொன்னா என் துண்டு வந்துருமா?" என்றவள், அதே வேகத்தில் சொக்கநாதன் பக்கம் திரும்பினாள். "இவளாச்சும் சத்தமாச் சொல்லிட்டா. நீங்க காலையில எல்லாரு முன்னாலயும் என்னைய என்ன சொன்னீங்க? இப்ப அதயே மாத்திச் சொல்லுங்க."

சொக்கநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரி சரி, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வாங்க. பேசிக்கலாம்," என்று முனகினார்.

"கேக்கல," என்றாள் கருப்பாயி.

"கேக்கல சார்," என்றாள் மீனலோசனியும். "காலையில இவங்களத் திட்டுனது சூளை வரைக்கும் கேட்டுச்சாமே. அந்த அளவுக்கு வேணும். சாவி எங்கயும் போகாது, நான் நிக்கிறேன்."

கன்டெய்னர் ஓட்டுநர் வெளியே ஒருமுறை ஹாரன் அடித்தார். சொக்கநாதன் மழையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், கூடி நின்ற முகங்களைப் பார்த்தார். பிறகு, தமிழில் ஒருமுறையும் மலாயில் ஒருமுறையும், கருப்பாயி கவனமாகத்தான் வேலை செய்தார், கோளாறு மெஷினில்தான் என்று சொன்னார். மலாயில் சொன்னது கொஞ்சம் கூடுதல் சத்தம். கோபத்தில் சொன்னாரோ வெட்கத்தில் சொன்னாரோ, சூளை வரைக்கும் கேட்டது.

அதன் பிறகு வேலை சத்தமில்லாமல் நடந்தது. மீனலோசனியும் சுகுமாறனும் இரண்டு கம்பிகளையும் பதினொன்று பன்னிரண்டுக்கு மாற்றினார்கள். முனைக்குப் புதிய குப்பி மாட்டி நசுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். மடிக்கணினியில் அந்த டிக்கை எடுத்தாள். மாட்யூலில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் பூட்டைத் திறந்தாள். காலி மெஷின் ஓடியது. மூடியைத் தூக்கினார்கள், நின்றது. அடைத்து மறுபடி ஓட விட்டார்கள். இந்த முறை மூடியைத் தொடாமல், மாட்யூலிலிருந்து அந்த ஒரு கம்பியைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. கத்தி நின்றது.

"இப்ப சந்தேகம் இருந்தா கேளு," என்றாள் சுகுமாறனிடம், முடிந்தவரை தாழ்ந்த குரலில்.

அவன் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். "அக்கா, இந்தக் குரல்ல பேசாதீங்க. பயமா இருக்கு."

மற்ற சுவிட்சுகளையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அவள் சொன்னதும், சொக்கநாதன் வேறு வழியில்லாமல் தேநீர் வரவழைத்தார். கருப்பாயி ஒரு கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கிச் சோதிக்கும்போதும், "இதுல யாரு என்ன சொன்னீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடுத்த லைன் வேலை அவர்களுக்கு வந்ததா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மகேஸ்வரன் ஒரு வாரம் அவளோடு வாட்ஸாப்பில் மட்டும் பேசினார் என்று தெரியும். சுகுமாறன் இப்போதெல்லாம் போனில் 'ஓப்பன்', 'க்ளோஸ்' என்ற இரண்டு சொற்களையும் கேட்பதில்லை, "அக்கா, மூடி அடைச்சிருக்கும்போது பச்சை லைட்டு எரியணுமா, எரியக் கூடாதா?" என்று கேட்கிறான். அவள் அதற்கும் கத்துகிறாள். ஆனால் பதில் சொன்ன பிறகு கத்துகிறாள். இணையப் பக்கத்தில் அந்தப் பட்டம் அப்படியே இருக்கிறது. படத்தில் அவள் இன்னமும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று ஆயர் ஈத்தாமில் மீனலோசனி செய்தது இது: ஒரு சுவிட்சின் இரண்டு கம்பிகளைச் சரியான திருகுகளுக்கு மாற்றினாள், ஒரு டிக்கை எடுத்தாள், அது முடியும்வரை மெஷினின் பூட்டைத் திறக்க மறுத்தாள், 'ஓப்பன்' என்று சொன்னது தான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.